அமெரிக்காலேர்ந்து வந்த கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் கோத்தகிரில அப்படியே மாட்டலாமா?

கோத்தகிரி மேகம்
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க அண்ணன் பதினோரு வருஷம் டல்லாஸ்ல இருந்துட்டு இப்ப குடும்பத்தோட ஊருக்கே வந்துடறாரு, கட்டபெட்டு பக்கம் எங்க வீட்டுலதான் இருக்கப் போறாங்க. சாமான் எல்லாம் கப்பல்ல போட்டு முதல் லோடு நேத்து வந்து இறங்கிடுச்சு, அவங்க வர இன்னும் மூணு வாரம் ஆகும். பெட்டில ஒரு டெஸ்க்டாப், 27 இன்ச் மானிட்டர், லேசர் பிரிண்டர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு யூபிஎஸ், ஆறு சாக்கெட் வச்ச நீள ஸ்ட்ரிப் ஒண்ணு. அண்ணன் பையன் வந்து இறங்கற அன்னிக்கே அவன் கம்ப்யூட்டர் ரெடியா இருக்கணும்னு எனக்கு ஆசை, புது ஊரு புது ஸ்கூலுன்னு அவன் ஏற்கனவே கலங்கிப் போயிருக்கான். எலக்ட்ரிக்கல் கடைல கேட்டா 3 கேவிஏ ஸ்டெப் டவுன், அதாவது வோல்டேஜ கொறைக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் அதுலயே மாட்டுங்கன்றாங்க. பக்கத்து வீட்டுக்காரரு பின்ன மட்டும் மாத்துப்பா போதும்ங்கறாரு. எது சரி?

ஊட்டி 643001
ட்ராவல் கன்வெர்ட்டர்னு ஆன்லைன்ல சின்னதா கெடைக்கும் ப்ரோ, 1600 வாட்னு போட்டிருக்கும், கை அடங்கற சைஸ்தான். அத வாங்கி மாட்டிடுங்க, வேல முடிஞ்சுது.

குன்னூர் மெக்கானிக்
தம்பி, தயவுசெஞ்சு அத வாங்காதீங்க. கையளவு இருக்கற அந்த 1600 வாட் கன்வெர்ட்டர் ஹேர் ட்ரையர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாகற சாமானுக்கு மட்டும்தான். அது வோல்டேஜ ஒழுங்கா கொறைக்கறது இல்ல, அலைய வெட்டி வெட்டி அனுப்புது. ஹீட்டர் கம்பிக்கு அது ஒண்ணும் தெரியாது, எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு அது எமன். நெசமான 1600 வாட் ட்ரான்ஸ்ஃபார்மர ஒரு கையால தூக்கவே கஷ்டப்படணும், அதுலேயே வித்தியாசம் புரிஞ்சுக்கலாம்.

மேகம் தம்பி, கடைக்காரர் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஒவ்வொரு சாமானுக்கு சரி, எல்லாத்துக்கும் ஒரே பதில் கெடையாது. ஒண்ணு ஒண்ணா திருப்பி இன்புட்னு போட்டிருக்கற எடத்த படிங்க. 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருந்தா உலகத்துல எந்த ஊருலயும் ஓடும், அதுக்கு கார்டு, அதாவது ப்ளக் வச்ச ஒயர மட்டும் மாத்தினா போதும். 110ன்னோ 120ன்னோ ஒத்த நம்பர் மட்டும் இருந்தா நம்ம 230ல சொருகினதும் போச்சு. படிச்சு இங்க போடுங்க, அதுவரைக்கும் எதையும் சொருக வேண்டாம். டெஸ்க்டாப் பின்னாடி கார்டு சொருகற எடத்துக்குப் பக்கத்துல சின்னதா செவப்பு ஸ்விட்ச் இருக்கான்னும் பாருங்க, அதுதான் முக்கியம்.

கோத்தகிரி மேகம்
படிச்சுட்டேன் அண்ணா. மானிட்டர் 100-240, 50/60ன்னு இருக்கு. பிரிண்டர் 110-127 வோல்ட், 9 ஆம்ப். ஸ்பீக்கருக்கு கல்லு மாதிரி கனமா ஒரு அடாப்டர், அதுல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், அவுட்புட் 12 வோல்ட் டிசி 1 ஆம்ப். யூபிஎஸ் 120. ஸ்ட்ரிப்ல 125 வோல்ட் 15 ஆம்ப். டெஸ்க்டாப்புல நீங்க சொன்ன மாதிரியே செவப்பு ஸ்விட்ச் இருக்கு, அதுல 115ன்னு தெரியுது.

குன்னூர் மெக்கானிக்
நல்லவேள கேட்டீங்க தம்பி. அந்த 115ஓட நம்ம ப்ளக்ல போட்டிருந்தா வெடிச்சிருக்கும். எதுக்குன்னு சொல்லிடறேன், ஏன்னா நாளைக்கு இன்னொருத்தருக்கு நீங்க சொல்லணும்.

டெஸ்க்டாப்புக்குள்ள எஸ்எம்பிஎஸ்னு பவர் சப்ளை பெட்டி ஒண்ணு இருக்கும், அது உள்ள வர்ற கரண்ட முதல்ல டிசியா மாத்தி ரெண்டு பெரிய கெப்பாசிட்டர்ல சேத்து வைக்கும். நம்ம 230ன்னா உச்சத்துல 325 வோல்ட், அத ரெண்டு கெப்பாசிட்டரும் பாதி பாதியா தாங்கும். அமெரிக்கால வர்றது 120 கிட்டதான், ஸ்விட்ச்ல போட்டிருக்கற 115ன்னு வச்சா உச்சமே 163தான், அதுனால 115 பக்கம் ஸ்விட்ச தள்ளினா சர்க்யூட் மாறி ஒவ்வொரு கெப்பாசிட்டரும் தனித்தனியா 163 ஏறி ரெண்டும் சேந்து மறுபடி அதே 325 ஆயிடும். இப்ப 115ல வச்சுட்டு 230 குடுத்தீங்கன்னா ஒவ்வொண்ணுலயும் 325 ஏறப் பாக்கும். அதுங்க 200 வோல்ட் தாங்கற ஜாதி. 2009ல என் கடை டேபிள்லயே ஒருத்தர் நான் திரும்பறதுக்குள்ள சொருகிட்டாரு, பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கடை பூரா அந்த வாடை ரெண்டு நாள் போகல. ஃப்யூஸ் போயிட்டதால மதர்போர்டு தப்பிச்சுது, எஸ்எம்பிஎஸ் புதுசுதான் போட்டோம். இதுக்கு நேர் மாறா, 230ல வச்சுட்டு அமெரிக்கால சொருகினா ஸ்டார்ட் ஆகாது அவ்வளவுதான், ஒண்ணும் கெடாது.

கார்டு சொருகாம, ஸ்க்ரூட்ரைவர் முனையால 230க்கு தள்ளுங்க. இப்ப வர்ற நல்ல பவர் சப்ளைல இந்த ஸ்விட்சே இருக்காது, அதுவே பாத்து எடுத்துக்கும். ஸ்விட்ச் இருக்குன்னாலே கொஞ்சம் பழசுன்னு வச்சுக்கோங்க.

மத்தது: மானிட்டருக்கு நம்ம ஊரு த்ரீ பின் கார்டு வாங்கினா ஆச்சு, கம்ப்யூட்டர் பக்கம் சொருகற முனை உலகம் பூரா ஒரே அளவுதான், சுவர் பக்கம்தான் நாட்டுக்கு நாடு வேற. ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் டிசி, 1 ஆம்புக்கு கொறையாம இங்கயே ஒரு அடாப்டர் வாங்கிடுங்க, நடு முனை ப்ளஸ்ஸா மைனஸ்ஸான்னு பழசுல படம் போட்டிருக்கும் அதையே பாத்து வாங்குங்க. அவுட்புட் ஏசின்னு போட்டிருந்தா மட்டும் டிசி வாங்கிடக் கூடாது, உங்களுது டிசிதான். பழைய குண்டு அடாப்டர தூர வச்சிடுங்க, அது 60 ஹெர்ட்ஸ்க்குன்னு சுத்தின ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்டெப் டவுன்ல போட்டாலும் நம்ம 50ல கூடுதலாத்தான் சூடாகும்.

பிரிண்டர் பத்தி தனியா எழுதறேன், கடைக்கு ஆள் வந்துட்டாங்க.

மஞ்சூர் அக்கா
அந்த ஸ்ட்ரிப்ப பத்தி யாரும் சொல்லலியே, நான் சொல்றேன். மேகம் தம்பி அத தயவு பண்ணி மாட்டிடாதீங்க. எங்க வீட்டுல நாத்தனார் கனடாலேர்ந்து அதே மாதிரி ஒண்ணு குடுத்துட்டுப் போனாங்க, ஸ்பைக் தாங்கும்னு நல்ல பேரு. லேப்டாப் அடாப்டர்தான் 240 வரைக்கும் தாங்குமே, அப்ப வெறும் ப்ளக் நீட்டிக்கற பெட்டில என்ன ஆகிடப் போவுதுன்னு நெனச்சு பின் மாத்தற கட்டை ஒண்ணு போட்டு சொருகிட்டேன். பத்து நிமிஷம்கூட இருக்காது, பிளாஸ்டிக் தீயற வாடை, கீழ தொட்டா சுடுது, ஓரத்துல புகை. கொழந்த பக்கத்துலதான் உக்காந்து படிச்சிட்டு இருந்தா. ஓடிப் போய் ஸ்விட்ச அணைச்சேன். லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகல, அந்தப் பெட்டிதான் அடில கருகிப் போச்சு. இன்னிக்கு நெனச்சாலும் நெஞ்சு அடிக்குது.

குன்னூர் மெக்கானிக்
அக்கா சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம். எல்லாரும் கம்ப்யூட்டர பத்தியே கவலப்படறாங்க, கம்ப்யூட்டர் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். தீப்பிடிக்கறது நடுவுல இருக்கற இந்தப் பெட்டிதான்.

அந்த ஸ்ட்ரிப்புக்குள்ள எம்ஓவின்னு வட்டமா ஒரு சின்ன பார்ட் இருக்கும். சாதா வோல்டேஜ்ல அது சும்மா கெடக்கும், இடி மின்னல்ல எக்கச்சக்கமா ஏறினா உடனே அது வழியா கரண்ட வழிய விட்டு மத்தத காப்பாத்தும். அமெரிக்க ஸ்ட்ரிப்ல இருக்கறது 130, 150 வோல்ட் லைனுக்குன்னு செஞ்சது. நிறைய பெட்டில 330 வோல்ட்னு பெருமையா அச்சடிச்சிருப்பாங்க, அதாவது 330க்கிட்ட வந்தா புடிச்சு நிறுத்திடுவோம்னு அர்த்தம். ஆனா நம்ம வீட்டு கரண்டே உச்சத்துல 325 வரைக்கும் செகண்டுக்கு நூறு தடவ போயிட்டு வருது! ராத்திரி எல்லாரும் தூங்கின பொறவு 245, 250ன்னு ஏறும்போது உச்சம் 350 ஆயிடும். பாவம் அந்த பார்ட் ஒவ்வொரு தடவையும் இடி விழுந்துச்சுன்னு நெனச்சு திறந்து திறந்து சூடாகி கடைசில எரியுது. அது கெட்டுப் போய் எரியல, அதோட வேலையத்தான் செய்யுது.

அதுனால வெளிநாட்டு ஸ்ட்ரிப்ப 120 ஊருலேர்ந்து கொண்டே வராதீங்க. எக்ஸ்டென்ஷன் இங்க வாங்குங்க.

கோத்தகிரி மேகம்
படிக்கறப்பவே கை நடுங்குது அக்கா. நேத்து ராத்திரி அந்த ஸ்ட்ரிப்ப கைல எடுத்துட்டு இதுக்கு என்ன ஆகிடப் போவுதுன்னு நானும் அதே நெனப்புலதான் நின்னேன். இப்பவே பின்ன வெட்டிப் போடறேன், யாரும் தெரியாம மாட்டிடக் கூடாது.

கேத்தி டு ஒசாகா
நான் கேத்தி, இப்ப ஒசாகால இருக்கேன். உங்க அடாப்டர்ல 240க்கு கீழ 100ன்னு ஒரு நம்பர் இருக்கே, அது ஏன் 110 இல்ல, 100ன்னு யோசிச்சிருக்கீங்களா? ஜப்பானுக்காகத்தான். இங்க வீட்டுல 100 வோல்ட், உலகத்துலயே இதுதான் கம்மி. இன்னும் வேடிக்கை என்னன்னா ஒரே நாட்டுக்குள்ள கிழக்குல டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்குல நாங்க இருக்கற பக்கம் 60. 1895 வாக்குல டோக்கியோ கம்பெனி ஜெர்மனிலேர்ந்து ஏஇஜி ஜெனரேட்டர் வாங்கினாங்க, அடுத்த வருஷம் ஒசாகால அமெரிக்காவோட ஜிஇ வாங்கினாங்க, அன்னிக்குப் பிரிஞ்சது இன்னிக்கு வரைக்கும் சேரல. 2011 மார்ச்ல நிலநடுக்கம் வந்து டோக்கியோ பக்கம் பவர் ஸ்டேஷன்லாம் நின்னப்போ மேற்குல கரண்ட் இருந்தும் முழுசா அனுப்ப முடியல, நடுவுல 50-60 மாத்தற ஸ்டேஷனோட அளவு அப்ப ஆயிரம் மெகாவாட் சொச்சம்தான் இருந்துச்சு.

லேப்டாப்புக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. கேத்திலேர்ந்து நான் கொண்டு வந்த அதே அடாப்டர் ஆறு வருஷமா 100 வோல்ட்ல ஓடுது, டோக்கியோவுக்கு எடுத்துட்டுப் போனாலும் ஓடுது. ஆனா அம்மா குடுத்து விட்ட 1500 வாட் கெட்டில் இங்க 280 வாட்தான் இழுக்குது, ஒரு டம்ளர் தண்ணி கொதிக்கறதுக்குள்ள ட்ரெயின் போயிடும். வோல்டேஜ் பாதிக்கும் கீழ போனா ஹீட்டர் சக்தி அஞ்சுல ஒரு பங்கு ஆயிடும். அதே கணக்க திருப்பிப் போடுங்க, மேகம் அண்ணாவோட பிரிண்டர நேரா 230ல போட்டா என்ன ஆகும்னு புரியும்.

குன்னூர் மெக்கானிக்
அதேதான் தம்பி. லேசர் பிரிண்டருக்குள்ள பேப்பர்ல பவுடர ஒட்ட வைக்க ஒரு ஹீட்டர் ரோலர் இருக்கு, அதுக்குத்தான் 9 ஆம்ப். 120க்குன்னு செஞ்ச ஹீட்டர் 230ல மூணரை மடங்குக்கு மேல இழுக்கும். கண்டிப்பா ஸ்டெப் டவுன் வேணும், அதுவும் 127 பெருக்கல் 9 போட்டா 1100க்கு மேல வருது, 1.5 கேவிஏக்கு கொறைஞ்சா தாங்காது, 2 நல்லது. மலிவா விக்கறது ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரே சுத்து கம்பிதான் உள்ள, கீழ்ப்பக்க சுத்து அறுந்துச்சுன்னா 230 முழுசா பிரிண்டருக்குப் போயிடும். ரெண்டு சுத்தும் தனித்தனியா இருக்கறது வாங்கணும், வெலை கூட. இவ்வளவும் செலவு பண்ணி, மூலைல எப்பவும் உறுமிக்கிட்டு ஒரு இரும்புப் பெட்டி... எனக்கு மனசு ஒப்பல. அண்ணன் கிட்ட சொல்லி அத அங்கயே யாருக்காவது குடுத்துட்டு வந்திருக்கணும், வந்துடுச்சு, சரி. இங்க ஒரு புது பிரிண்டர் வாங்கறதுதான் நியாயம். யூபிஎஸ்ஸும் அதே கதை, உள்ள இருக்கற பேட்டரி 12 வோல்ட்னா அத மட்டும் எடுத்து உபயோகப்படுத்தலாம்.

கூடலூர் தேவாலா
எனக்கு எதிர்ப் பக்கம் ஒரு கேள்வி. தங்கச்சி நர்ஸ் வேலைக்கு ஸ்காட்லாந்து போறா. எங்க தாத்தா பாட்டி 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இலங்கைலேர்ந்து தாயகம் திரும்பினவங்க, இலங்கைல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்போ பழைய வீட்டுல நம்ம மாதிரி உருண்ட பின், புது வீட்டுல சதுரமா மூணு பின். பிரிட்டன்லயும் அந்த சதுர பின்தானாமே? ஸ்டெப் டவுன் வேணுமா?

கேத்தி டு ஒசாகா
வேணாம்ங்க. பிரிட்டன் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், நம்மளும் அதேதான். நம்ம உருண்ட பின்னே வெள்ளைக்காரங்க காலத்து பழைய பிரிட்டிஷ் பின்தான், அவங்க சதுரத்துக்கு மாறிட்டாங்க, நம்ம மாறல. லேப்டாப் அடாப்டர் பக்கம் மூணு இல மாதிரி ஓட்டை இருந்தா அங்க போய் அதே முனை வச்ச கார்டு ஒண்ணு வாங்கிக்கட்டும், ப்ளக்குக்குள்ளயே குட்டி ஃப்யூஸ் இருக்கும், லேப்டாப்புக்கு 3 ஆம்ப் போதும். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு பின் மாத்தற கட்டையும் நம்ம ஊரு எக்ஸ்டென்ஷனும் எடுத்துட்டுப் போனா போன், லேப்டாப் எல்லாம் அதுல சொருகிக்கலாம். கெட்டில், ஹீட்டர் மட்டும் அதுல போட வேண்டாம்னு சொல்லுங்க.

ஐரோப்பாலேர்ந்து ரெண்டு உருண்ட பின் வச்ச சாமான் கொண்டு வர்றவங்களுக்கு இன்னொண்ணு: அது நம்ம 5 ஆம்ப் சாக்கெட்டுல உள்ள போகும், போறதாலயே சரின்னு நெனச்சிடறாங்க. அந்தப் பின் 4 மில்லிமீட்டர், நம்மளுது 5. உள்ள லொடலொடன்னு ஆடிக்கிட்டு பொறி பறக்கும், நாளடைவுல சாக்கெட் கருகிடும். கார்ட மாத்துங்க.

பண்ணைக்காடு
நான் கீழ்ப்பழனி மலை. இங்கிட்டு எல்லாரும் வெளிநாட்டு சாமான பத்தியே பேசறீங்க, நம்ம மலைல நம்ம கரண்டே நாலு நாட்டு கரண்ட் மாதிரி வருதே அத யாரு கேக்கறது? சாயங்காலம் லைன் கடைசில இருக்கற எங்க வீட்டுல 160க்கு எறங்கிடும், லேப்டாப் பாட்டுக்கு ஓடும், யூபிஎஸ் போட்ட டெஸ்க்டாப்தான் கீ கீன்னு கத்தி பேட்டரி தீந்து நின்னுடும். 2018 நவம்பர்ல கஜா புயல் மலை ஏறி வந்துச்சுல்ல, மரமெல்லாம் சாஞ்சு நாள் கணக்குல கரண்ட் இல்ல. திரும்பி வந்த ஒரு வாரத்துல ஒரு கிளை விழுந்து நியூட்ரல் கம்பி மட்டும் அத்துப் போச்சு. லைட் எல்லாம் சூரியன் மாதிரி எரிஞ்சுது, அஞ்சு செகண்டு, எங்க வீட்டு டிவி, ரவுட்டர், லேப்டாப் அடாப்டர், யூபிஎஸ் மொத்தமும் போச்சு. 240 வரைக்கும் தாங்கும்னு போட்டிருந்த அடாப்டர்தான்.

இன்னொண்ணு, மடில வச்சு லேப்டாப் தட்டும்போது மெட்டல் பாடி சுருக் சுருக்குங்குதே, அது ஏன்?

குன்னூர் மெக்கானிக்
உங்க வேதன புரியுதுங்க. நியூட்ரல் அறுந்தா மூணு ஃபேஸும் வீடுகள் வழியாவே ஒண்ண ஒண்ணு தேடும், கம்மி லோடு இருக்கற வீட்டுக்கு 400 கிட்ட வந்துடும். எந்த நாட்டு அடாப்டரும் தாங்காது, ஸ்டெபிலைசரும் பெரும்பாலும் தாங்காது. மெயின் போர்டுல ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப்னு எம்சிபி மாதிரியே ஒண்ணு போடலாம், 270 தாண்டினா டக்குன்னு கட் பண்ணிடும். பெரிய லைன் பிரச்சன வர்ற மலை வீட்டுக்கெல்லாம் அத போடச் சொல்லி நான் கெஞ்சாத குறைதான். ஆனா காத்து அடிக்கற ராத்திரி ப்ளக்க உருவி வைக்கறதுக்கு ஈடு எதுவும் கெடையாது.

சுருக்குன்னு இருக்கறது எர்த். அடாப்டருக்குள்ள எரைச்சல வடிக்க ரெண்டு குட்டி கெப்பாசிட்டர் லைன்லேர்ந்து பாடிக்கு இருக்கும், அது வழியா துளியூண்டு கரண்ட் கசியும். எர்த் இருந்தா மண்ணுக்குப் போயிடும். ரெண்டு பின் ப்ளக்கா இருந்தாலோ, மூணு பின் இருந்தும் சுவருக்குள்ள எர்த் செத்துப் போயிருந்தாலோ உங்க கை வழியாத்தான் போகப் பாக்கும். ஆளக் கொல்ற அளவு இல்ல. ஆனா மூணு பின் போட்டும் சுருக்குன்னா உங்க வீட்டுல எர்த் இல்லன்னு அர்த்தம், அது வாட்டர் ஹீட்டர்ல ஆளக் கொல்லும்.

மேகம் தம்பி, உங்க வீட்டுலயும் கம்ப்யூட்டர் வைக்கறதுக்கு முன்ன எலக்ட்ரீஷியன வச்சு அளக்கச் சொல்லுங்க. ஃபேஸ்-நியூட்ரல் 230ன்னா ஃபேஸ்-எர்த்தும் அதே கிட்ட வரணும், நியூட்ரல்-எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது.

மஞ்சூர் அக்கா
எங்க மாமனார் குந்தா பவர் ஹவுஸ்ல வேல பாத்தவரு. அந்தத் திட்டம் கனடா உதவில கட்டினது. கனடால 60 ஹெர்ட்ஸ், ஆனா இங்க பைக்காரா பவர் ஹவுஸ் 1932லேர்ந்தே 50ல ஓடிட்டு இருந்ததால அவங்க மெஷின நமக்குன்னு 50க்கு செஞ்சு அனுப்பினாங்கன்னு சொல்லுவாரு. அவ்வளவு பெரிய மெஷினையே ஊருக்குத் தக்கன மாத்தி அனுப்பினாங்க, நான் ஒரு ஸ்ட்ரிப்ப திருப்பிப் பாக்காம சொருகினேனேன்னு அவருகிட்ட சொல்லி அழுதேன். அன்னிலேர்ந்து வீட்டுக்கு எது வந்தாலும் முதல்ல அவருதான் கண்ணாடி போட்டுட்டு லேபிள படிப்பாரு.

கோத்தகிரி மேகம்
ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். எலக்ட்ரீஷியன் வந்து அளந்தாரு. ஃபேஸ்-எர்த் 140ல ஆடுது, நியூட்ரல்-எர்த் 60. எர்த் குழிய தோண்டினா ஜிஐ பைப்புல கட்டியிருந்த க்ளாம்ப் துருவாவே உதிர்ந்து கெடக்கு, எங்கப்பா காலத்துல போட்டது. இத்தன வருஷம் எர்த்தே இல்லாம எங்கம்மா அந்த ஹீட்டர்ல தண்ணி காய வச்சிருக்காங்க. கீழ பாறைங்கறதால பழைய எடத்துல பைப் எட்டடிக்குப் போகல, வீட்டுக்குப் பின்னாடி தேயிலத் தோட்டத்து ஓரமா ஈரம் நிக்கற எடத்துல புதுசா எறக்கி கரியும் உப்பும் போட்டு க்ளாம்ப்புக்கு க்ரீஸ் தடவி கட்டினோம். இப்ப நியூட்ரல்-எர்த் ரெண்டு வோல்ட்.

செவப்பு ஸ்விட்ச 230க்கு தள்ளி, நம்ம கார்டு போட்டு, மூணு தடவ சரி பாத்துட்டு ஆன் பண்ணேன். ஓடுது அண்ணா. மானிட்டரும் ஓடுது. ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் அடாப்டர் டானிங்டன் கடைலயே கெடச்சுது. பிரிண்டர திரும்ப பெட்டில கட்டி வச்சாச்சு, அண்ணனும் சரின்னுட்டாரு. வீடியோ கால்ல பையன் கிட்ட அவன் ஸ்க்ரீன் எரியறத காட்டினேன், அதுல அவன் வச்ச பழைய வால்பேப்பர் அப்படியே இருக்கறத பாத்துட்டு முதல் தடவையா சிரிச்சான்.

குன்னூர் மெக்கானிக்
சந்தோஷம் தம்பி. ஐப்பசி மழ உங்க பக்கம்தான் முதல்ல எறங்கும், அதுக்குள்ள அந்த கட் ஆஃப்ப போட்டுடுங்க. மாசி பங்குனில மண்ணு காயறப்போ எர்த் குழில ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி மறுபடி ஒரு தடவ அளங்க.